கடலடிக் கேள்வி பதில்: நைட்ராக்ஸுக்குக் கொடுக்கும் காசு எதற்கு?

சென்ற இதழில் அந்தமான் பயணத்தைப் பற்றி எழுதியபோது, முக்குளிக்கப் போன படகில் சிலர் சாதாரணக் காற்றுக்குப் பதிலாக நைட்ராக்ஸ் என்னும் வாயுக்கலவை அடைத்த சிலிண்டர் எடுத்துக்கொண்டார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்காக வந்த கடிதங்கள் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம். ஆகையால் இந்த மாதம் முழுக்க அதையே எடுத்துக்கொள்கிறேன்.

அந்தமானின் ஸ்வராஜ் தீவில் ஓப்பன் வாட்டர் என்னும் முதல்நிலை முக்குளிப்புப் பயிற்சியை முடித்தேன். "நைட்ராக்ஸ் பயிற்சியையும் சேர்த்தே முடித்துவிடுங்கள், கடலுக்கடியில் அதிக நேரம் இருக்கலாம்" என்றார் பயிற்றுநர். உண்மையா? அந்தக் கட்டணம் தகுமா?
— சென்னை வாசகர்

பயிற்றுநர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிக் கணக்கு. மீதிப் பாதியை நீங்கள்தான் போட வேண்டும்.

நாம் சுவாசிக்கும் காற்றில் சுமார் 21 விழுக்காடு ஆக்ஸிஜன். மீதி, பெரும்பாலும் நைட்ரஜன். ஆக்ஸிஜனின் பங்கை 32 அல்லது 36 விழுக்காடாக உயர்த்தி, அந்த அளவுக்கு நைட்ரஜனைக் குறைத்த கலவைதான் நைட்ராக்ஸ். ஆழத்தில் அழுத்தம் கூடக் கூட நைட்ரஜன் நம் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேர்கிறது. அளவுக்கு மீறிச் சேர்ந்த பிறகு நேராக மேலே வந்தால், சோடா பாட்டிலின் மூடியைத் திறந்தது போல அது குமிழ்களாக வெளிப்பட்டு மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை கொண்டுபோய்விடும். எனவேதான் ஒவ்வோர் ஆழத்துக்கும் இத்தனை நிமிடம் என்று அட்டவணை இருக்கிறது. பாடி (PADI) என்னும் முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் அட்டவணைப்படி காற்றைச் சுவாசித்து 30 மீட்டரில் 20 நிமிடம் இருக்கலாம். 32 விழுக்காட்டு நைட்ராக்ஸைச் சுவாசித்தால், அதே 30 மீட்டரில் உடலில் நைட்ரஜன் சேரும் வேகம் காற்றோடு 24.4 மீட்டரில் இருப்பதற்குச் சமம். அட்டவணையில் அதற்கு அடுத்த வரியான 25 மீட்டரைப் பார்த்தால் 29 நிமிடம் கிடைக்கிறது. இதுவரை பயிற்றுநரின் கணக்கு.

இனி உங்கள் கணக்கு. படகுகளில் பெரும்பாலும் தரப்படும் அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர் கொள்ளளவு உடையது. 200 பார் (கடல்மட்டக் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பார்) அழுத்தத்துக்கு நிரப்பினால் உள்ளே 2,200 லிட்டர் காற்று. 50 பாரை மிச்சம் வைத்துக்கொண்டு மேலேற வேண்டும் என்பதால் செலவழிக்கக் கூடியது 1,650 லிட்டர். நிதானமாகச் சுவாசிப்பவர் கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டரில் அழுத்தம் 4 பார் என்பதால் அது 80 லிட்டர் ஆகிவிடும். சிலிண்டர் 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும். நைட்ராக்ஸ் அளித்த கூடுதல் 9 நிமிடத்துக்குச் சுவாசிக்க உங்களிடம் எதுவும் இருக்காது. உங்கள் சான்றிதழ் அனுமதிக்கும் 18 மீட்டரில் நிலைமை இன்னும் தெளிவு: காற்றுக்கே அட்டவணை 56 நிமிடம் தருகிறது, உங்கள் சிலிண்டரோ 29 நிமிடம்தான் வரும். பயிற்சியை முடித்த கையோடு கடலில் இறங்குபவர்கள் பதற்றத்தில் நிமிடத்துக்கு 25, 30 லிட்டர் வரை இழுப்பதைக் கண்டிருக்கிறேன்; அவர்களுக்கு அதுவும் வராது.

அப்படியானால் அது யாருக்குப் பயன்படுகிறது? ஒரே நாளில் இரண்டு, மூன்று முறை இறங்குபவர்களுக்கு. முதல் முறை சேர்ந்த நைட்ரஜன் முழுவதும் வெளியேறுவதற்குள் இரண்டாம் முறை இறங்குகையில், காற்று எடுத்தவருடைய நேரம் வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது சிலிண்டரில் 100 பார் மிச்சமிருக்கும்போதே, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கைக் கம்ப்யூட்டர் மேலேறச் சொல்லும். நைட்ராக்ஸ் விலை பெறுவது அந்த இடத்தில்தான். 25 மீட்டருக்குக் கீழே ஒரே மீனுக்காகக் காத்துக்கிடக்கும் புகைப்படக்காரர்களுக்கும், தினமும் விருந்தினரை அழைத்து இறங்கும் வழிகாட்டிகளுக்கும் அது ஆடம்பரமல்ல. உங்களுக்கு என் யோசனை: இந்தக் காசை இன்னும் நான்கைந்து முறை கடலில் இறங்கச் செலவிடுங்கள், மூச்சு சீராகட்டும், மிதப்பைக் கட்டுப்படுத்தப் பழகுங்கள். நைட்ராக்ஸ் பயிற்சி பெரும்பாலும் ஒரே நாளில் முடியக்கூடியது. அது எங்கும் ஓடிவிடாது.

ஆக்ஸிஜன் அதிகம் இருப்பதால் குறைவாகச் சுவாசித்தாலே போதுமே, சிலிண்டர் கூடுதல் நேரம் வராதா?
— கோவை வாசகர்

வராது. மூச்சை இழுக்கத் தூண்டுவது பெரும்பாலும் ஆக்ஸிஜன் குறைவு அல்ல, உடலில் சேரும் கரியமில வாயு. அதை வெளியேற்ற எத்தனை லிட்டர் காற்று தேவையோ அத்தனை லிட்டர் நைட்ராக்ஸும் தேவை. சாதாரணக் காற்றிலேயே நாம் இழுக்கும் ஆக்ஸிஜனில் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமல்தான் திருப்பி விடுகிறோம்.

எங்கள் ஊர்க் கடலில் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்க நண்பர்கள் திட்டமிடுகிறார்கள். ஆழம் அதிகம் என்பதால் நைட்ராக்ஸ் எடுத்துக்கொண்டால் பாதுகாப்பு என்கிறார் ஒருவர். சரியா?
— மட்டக்களப்பு வாசகர்

சரியில்லை. இந்த மாதக் கடிதங்களில் என்னைத் திடுக்கிட வைத்தது இதுதான். இதை வாசித்ததும் அந்த நண்பருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டரைத் தாண்டிய ஆழத்தில் கிடக்கிறது. 50 மீட்டரில் அழுத்தம் 6 பார். சாதாரணக் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு 0.21 என்பதால் அங்கே அதன் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்ஸிஜனுக்கு உரிய பங்கு, 1.26 பார். 32 விழுக்காட்டு நைட்ராக்ஸில் அதுவே 1.92 பார் ஆகிவிடும். பொழுதுபோக்கு முக்குளிப்பில் 1.4 பாரைப் பணி எல்லையாகவும், 1.6 பாரைத் தாண்டவே கூடாத எல்லையாகவும் வைத்திருக்கிறார்கள். அதாவது, நைட்ரஜனுக்கு அஞ்சி எடுத்த வாயுவே ஆக்ஸிஜன் நஞ்சாக மாறுகிறது.

ஆக்ஸிஜன் நஞ்சாகுமா என்று கேட்கலாம். அழுத்தத்தில் அது வலிப்பை உண்டாக்கும் என்பதைப் பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பெர் 1878லேயே எழுதிவைத்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கென்னத் டொனால்டு செய்த சோதனைகளில் இன்னும் சங்கடமான செய்தி ஒன்று வெளிவந்தது: ஒரே ஆள், ஒரே அழுத்தத்தில், ஒரு நாள் நெடுநேரம் தாங்குகிறார், மற்றொரு நாள் சில நிமிடங்களிலேயே வலிப்புக்கு உள்ளாகிறார். உலர்ந்த அறையில் தாங்கிய அளவை நீருக்குள் தாங்கவும் முடியவில்லை. ஆகவே "போன தடவை எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பது இதில் செல்லாது. உதடு துடிப்பது, காதில் இரைச்சல், பார்வை சுருங்குவது, குமட்டல் என்று சில முன்னறிகுறிகளைப் பாடத்தில் சொல்வார்கள். பல வேளைகளில் அவை எதுவும் இல்லாமல் நேராக வலிப்பே வந்துவிடும். தரையில் வலிப்பு வந்தவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். கடலுக்கடியில் வலிப்பு வந்தால் வாயிலிருந்து மூச்சுக் கருவியான ரெகுலேட்டர் நழுவுகிறது, அடுத்த மூச்சில் உள்ளே போவது நீர். உயிரைப் பறிப்பது அதுதான்.

எனவே நைட்ராக்ஸ் ஆழத்துக்கான வாயு அல்ல; நடுத்தர ஆழத்துக்கானது. 1.4 பார் எல்லையில் 32 விழுக்காட்டுக் கலவைக்கு 33 மீட்டர், 36க்கு 28 மீட்டர், 40க்கு 25 மீட்டர். எண் கூடக் கூட, போகக்கூடிய ஆழம் குறைகிறது. ஆழத்தில் வரும் நைட்ரஜன் மயக்கத்தையும் அது குறைக்கும் என்று நம்ப வேண்டாம்; ஆக்ஸிஜனுக்கும் அந்த மயக்கும் குணம் உண்டு என்றே கருதப்படுகிறது. ஹெர்மிஸுக்கு முறைப்படி இறங்கும் தொழில்நுட்ப முக்குளிப்பாளர்கள் ஹீலியம் கலந்த வாயுவோடு இறங்குவார்கள். திரும்பி வரும் வழியில், 21 மீட்டருக்கு மேலே வந்த பிறகு, 50 விழுக்காட்டு நைட்ராக்ஸுக்கு மாறி நைட்ரஜனையும் ஹீலியத்தையும் விரைவாக வெளியேற்றுவார்கள். நைட்ராக்ஸுக்கு அங்கே உள்ள இடம் அதுதான். அதற்கான பயிற்சி உங்கள் நண்பர்களிடம் இல்லையென்றால், அந்தக் கப்பலைப் படத்தில் பார்த்துவிட்டு ஆழம் குறைந்த இடத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

சிலிண்டரில் 32 என்று கடைக்காரர் சீட்டு ஒட்டித்தான் தருகிறார். பிறகும் நானே ஒரு தடவை அளந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயமா?
— சிங்கப்பூர் வாசகர்

சம்பிரதாயம் என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், பெயர் வேண்டாம், ஒரு தீவில் காலை ஆறரை மணிக்குப் படகு புறப்படும் அவசரம். என் சிலிண்டரில் ஒட்டியிருந்த பட்டையில் நீல மையில் 32 என்று அழகாக எழுதியிருந்தது. அளவுக்கருவியை வெளிக்காற்றில் 20.9க்குச் சரிசெய்து, வால்வை மயிரிழை திறந்து, மெல்லச் சீறும் வாயுவின் முன் சென்சாரைப் பிடித்தேன். 24, 29, 32 என்று ஏறிய எண் 32இல் நிற்கும் என்று எதிர்பார்த்தேன். நிற்காமல் ஊர்ந்து 35.8இல் போய் நின்றது. மறுபடி சரிசெய்து அளந்தேன், அதே எண். அன்று நாங்கள் இறங்கவிருந்தது 32 மீட்டர். உண்மையான 32 விழுக்காட்டுக்கு அது எல்லைக்குள் அடங்கும்; 35.8க்கோ 29 மீட்டரே எல்லை, 32 மீட்டரில் 1.5 பார். உயிரைப் பறிக்கும் அளவென்று சொல்ல மாட்டேன், ஆனால் நீரோட்டத்தை எதிர்த்துக் காலை அடித்துக்கொண்டிருக்கும்போது கரியமில வாயு சேர்ந்து ஆக்ஸிஜனின் நச்சுத்தன்மையைத் தூண்டும் என்பதை நினைத்தால் அந்த 1.5 எனக்குப் பிடிக்கவில்லை.

எப்படி நேர்ந்தது என்று பிறகு விசாரித்தோம். பல இடங்களில் வெற்றுச் சிலிண்டரில் முதலில் தூய ஆக்ஸிஜனைச் சுமார் 28 பார் வரை விட்டு, மீதியைக் காற்றால் 200 பாருக்கு நிரப்புவார்கள். அது 32 விழுக்காட்டில் வந்து நிற்கும். என் சிலிண்டர் வெற்றாக இல்லை. முந்தைய நாள் யாரோ மிச்சம் வைத்த 50 பார் அளவு 36 விழுக்காட்டுக் கலவை உள்ளே இருந்தது. சிலிண்டர் நிரப்பும் பையன் அதைக் கணக்கில் சேர்க்காமல் வழக்கம்போல் ஆக்ஸிஜனை விட்டிருக்கிறான். காற்றிலிருந்து நைட்ரஜனை வடிகட்டிப் பிரிக்கும் சவ்வு இயந்திரம் வைத்திருக்கும் படகுகளில் இந்தத் தவறு இப்படி நேராது. ஆனாலும் எந்த இயந்திரமும் உங்கள் வாய்க்குள் என்ன போகிறது என்பதற்குச் சாட்சி சொல்லாது. அளந்த எண், அதற்கான அதிகபட்ச ஆழம், தேதி, உங்கள் கையெழுத்து ஆகிய நான்கையும் பட்டையில் நீங்களே எழுதுங்கள்; பிறகு அந்தச் சிலிண்டரைக் கண்ணை விட்டு அகலவிடாதீர்கள். இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். நைட்ராக்ஸின் உண்மையான செலவுகளில் இதையும் நான் சேர்ப்பேன், ஏனெனில் விடுமுறை மனநிலையில் இருப்பவருக்கு அந்த இரண்டு நிமிடம்தான் பெரும் பாரம்.

எனக்கு 52 வயது. நைட்ராக்ஸ் எடுத்தால் மாலையில் களைப்பே இருக்காது என்று குழுவில் எல்லோரும் சொல்கிறார்கள். மருத்துவ ஆதாரம் உண்டா?
— மதுரை வாசகி

ஆதாரம் மெலிது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முக்குளிப்பாளர்களை உலர்ந்த அழுத்த அறையில் 18 மீட்டர் ஆழத்துக்கு இணையான அழுத்தத்தில் வைத்து, எது காற்று, எது 36 விழுக்காட்டு நைட்ராக்ஸ் என்று அவர்களுக்குத் தெரியாமல் சுவாசிக்கச் செய்தார்கள். களைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அதன் பிறகு கடலில் இறங்கியவர்களை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வில் களைப்பு சற்றுக் குறைந்ததாகத் தெரிந்ததும் உண்டு. உங்கள் குழுவினர் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எடுத்தது நைட்ராக்ஸ் என்று தெரிந்தே எடுத்தவரின் உற்சாகத்தில் பாதியை அந்தத் தெரிதலுக்கு வரவு வைக்க வேண்டும். வெயில், படகின் ஆட்டம், தண்ணீர் குடிக்காதது, அதிகாலையில் எழுந்தது எல்லாம் சேர்ந்துதான் மாலைக் களைப்பு.

உங்கள் வயதில் நைட்ராக்ஸ் எடுக்க வேறொரு நல்ல காரணம் உண்டு. கலவையை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரைக் காற்றுக்கான 21லேயே வைத்து, காற்றுக்குரிய நேரத்துக்குள்ளேயே மேலே வந்துவிடுங்கள். கூடுதல் நேரம் கிடைக்காது. உடலில் சேரும் நைட்ரஜன் குறையும். முறையாக இறங்குபவர்களிடையே, நைட்ரஜன் குமிழ்களால் வரும் டிகம்ப்ரெஷன் நோய் பத்தாயிரம் முறைக்கு ஒரு சில என்ற அளவில் அரிதாக இருப்பதால் இந்தக் குறைவைப் புள்ளிவிவரத்தில் நிரூபிப்பது கடினம். இருந்தாலும் தர்க்கம் நேரானது. நானே ஐம்பதைத் தாண்டிய பிறகு இப்படித்தான் செய்கிறேன். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கம்ப்யூட்டரை 21இல் வைத்தால் ஆக்ஸிஜன் எல்லையை அது எச்சரிக்காது. அதிகபட்ச ஆழத்தை நீங்கள்தான் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

கம்ப்ரெசரிலிருந்து குழாய் வழியாகக் காற்றை வாங்கிச் சங்கு எடுக்கும் என் மாமாவுக்கு மூட்டுவலி ஓயவில்லை. கம்ப்ரெசர் வாயில் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்துவிட்டால் அதுவே நைட்ராக்ஸ் ஆகிவிடாதா?
— தூத்துக்குடி வாசகர்

தயவுசெய்து செய்யாதீர்கள். எண்ணெய் ஓடும் கம்ப்ரெசரில் செறிந்த ஆக்ஸிஜன் புகுந்தால், அழுத்தமும் வெப்பமும் சேர்ந்து அந்த எண்ணெய் தீப்பற்றும், இயந்திரம் வெடிக்கவும் கூடும். நைட்ராக்ஸ் கலக்கும் இடங்களில் காற்றை எண்ணெய்த் துளி இல்லாதபடி வடிகட்டுவதும், தூய ஆக்ஸிஜன் படும் சிலிண்டர், வால்வு ஒவ்வொன்றையும் அதற்கென்றே தனியாகச் சுத்தம் செய்வதும் இதனால்தான். அந்தப் பராமரிப்புச் செலவுதான் உங்கள் ரசீதில் நைட்ராக்ஸ் கட்டணமாக வந்து நிற்கிறது. அது தவிர, விழுக்காடு என்னவென்று அளக்காமல் குழாயில் அனுப்பினால் மாமா எந்த ஆழத்தில் வலிப்புக்கு உள்ளாவார் என்பது யாருக்கும் தெரியாது.

ஓயாத மூட்டுவலியை அழுத்த மருத்துவம் அறிந்த மருத்துவரிடம் காட்டுங்கள். மீண்டும் மீண்டும் நைட்ரஜன் குமிழ்கள் தாக்கியவர்களுக்கு எலும்பே சிதைவதுண்டு. நாள் முழுதும் எத்தனை தடவை, எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம் என்ற குறிப்பும், மெதுவாக மேலே வருவதும், 5 மீட்டரில் சில நிமிடம் நிற்பதும் இல்லாத இடத்தில் எந்தக் கலவையாலும் அவரைக் காப்பாற்ற முடியாது.

நைட்ராக்ஸை ஒரு காலத்தில் "சாத்தான் வாயு" என்று அழைத்தார்களாமே?
— திருச்சி வாசகர்

ஆம். அமெரிக்காவின் நோவா என்னும் கடல், வளிமண்டல நிறுவனத்தில் மார்கன் வெல்ஸ் 1970களில் விஞ்ஞானிகளுக்காக இதை முறைப்படுத்தினார். 32ஐயும் 36ஐயும் நிலைநாட்டியவர்கள் அவர்களே. அங்கிருந்து ஓய்வு பெற்ற டிக் ருட்கோவ்ஸ்கி 1985இல் பொதுமக்களுக்குக் கற்பிக்கத் தொடங்கியபோது, சுற்றுலாப் பயணிகள் கையில் இதைக் கொடுத்தால் பிணங்கள் மிதக்கும் என்று தொழிலில் இருந்த பலர் அலறினார்கள்; 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழில் கண்காட்சியில் நைட்ராக்ஸ் பயிற்சியாளர்களுக்குத் தடைகூட விதித்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளுக்குள் பாடி உட்பட எல்லா அமைப்புகளுமே பயிற்சி தொடங்கிவிட்டன. அலறியவர்களின் அச்சத்தில் நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம். அளந்து பார்க்கும் பழக்கம் பாடத்தில் இவ்வளவு அழுத்தமாக வந்ததற்கு அந்த அச்சமும் ஒரு காரணம்.

அடுத்த மாதம் மாலத்தீவில் ஒரு வாரப் படகுப் பயணம். தினமும் மூன்று, நான்கு முறை இறங்குவோம். நைட்ராக்ஸ் இலவசம் என்கிறார்கள். என்னிடம் சான்றிதழ் இருக்கிறது, என் துணைவரிடம் இல்லை. எடுக்கலாமா?
— துபாய் வாசகர்

எடுங்கள். நைட்ராக்ஸுக்கென்றே செய்து வைத்தது போன்ற பயணம் இது. மாலத்தீவில் பொழுதுபோக்கு முக்குளிப்புக்குச் சட்டப்படி 30 மீட்டரே எல்லை; 32 விழுக்காட்டுக் கலவை அந்த எல்லைக்குள் வசதியாக அடங்கும். ஒரு வாரம் தொடர்ந்து தினமும் நான்கு முறை என்றால் நைட்ரஜன் சேர்வதில் உங்களுக்கும் காற்று எடுப்பவருக்கும் உள்ள வேறுபாடு மூன்றாம் நாளே கம்ப்யூட்டரில் தெரியும். ஆக்ஸிஜனுக்கும் தினக்கணக்கு உண்டு: நோவாவின் வரம்பு 1.4 பாரில் ஒரே தடவைக்கு 150 நிமிடம், ஒரு நாளைக்கு 180 நிமிடம். சராசரியாக 18 மீட்டரில் நீந்துபவருக்கு ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தம் 0.9 பார் அளவிலேயே நிற்பதால் நீங்கள் அந்த வரம்பை நெருங்க மாட்டீர்கள்.

உங்கள் துணைவர் காற்றோடு இறங்கும்போது இருவரில் யாருடைய நேரம் முதலில் முடிகிறதோ அப்போது இருவருமே மேலே வர வேண்டும். அதாவது உங்கள் நைட்ராக்ஸால் கிடைக்கும் கூடுதல் நேரம் அவர் இல்லாத முறைகளில்தான் செல்லுபடியாகும். கப்பலிலேயே முதல் நாள் அவரையும் பயிற்சியில் சேர்த்துவிட முடியுமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். சென்னை வாசகருக்கு வேண்டாம் என்ற அதே பயிற்சியை இவருக்கு வேண்டும் என்கிறேன், ஏனெனில் இங்கே அதற்கு வேலை இருக்கிறது.

சில கம்ப்யூட்டர்கள் இறங்காத இடைவெளிக்குப் பிறகு தாமாகவே 21க்குத் திரும்பிவிடும்; ஒவ்வொரு முறையும் அளந்த எண்ணை உள்ளிடுங்கள். சிலிண்டரில் காற்று இருக்கும்போது கம்ப்யூட்டர் 32 என்று நம்பிக்கொண்டிருப்பது அதைவிட மோசம். திரும்பும் விமானத்துக்கும் நைட்ராக்ஸ் சலுகை கிடையாது: பல நாள் பல முறை இறங்கியவர் கடைசியாக மேலே வந்த பிறகு குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். உங்கள் துபாய் விமானம் காலை எட்டு மணிக்கு என்றால், முந்தைய நாள் மதியம் இரண்டு மணிக்கெல்லாம் படகில் இருந்து உடையைக் காயப்போட்டிருக்க வேண்டும்.